ஓயாத சுமை: நாணயச் சுரங்க இயந்திரத்துக்குப் பிளக்கும் ஒயரும் தேர்ந்தெடுத்தல்

மின்சாரச் சுமைகளில் வந்து போகும் சுமை என்று ஒன்று உண்டு. வந்தபின் போகாமல் உட்கார்ந்துகொள்ளும் சுமை என்று மற்றொன்று உண்டு. நம் வீடுகளில் இதுநாள்வரை இருந்தவை பெரும்பாலும் முதல் வகை. இஸ்திரிப் பெட்டி, கீசர், மிக்சி எல்லாம் வேலை முடிந்ததும் அணைந்துவிடும். ஃபிரிட்ஜ் இரவு பகலாக இருந்தாலும் அது இழுப்பது சொற்பம். பிட்காயின் முதலான மின்னணு நாணயங்களை ஈட்டுவதற்காக வீட்டில் வைக்கப்படும் இயந்திரமோ, கீசரின் பசியும் ஃபிரிட்ஜின் விடாப்பிடியும் ஒன்றாகச் சேர்ந்த பிறவி. இதற்கு எந்தப் பிளக், எந்த ஒயர், சுவருக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்பொருள் வணிகத்தில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மும்பை லோஹார் சாலிலோ தில்லி பகீரத் பேலஸிலோ கடை வைத்திருக்கும் எவரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “அங்கிள், இதுக்கு ஒரு ஹெவி ஒயர் குடுங்க” என்பான். வீட்டு ஒயரிங் எத்தனை வருடத்துப் பழசு, அந்தப் பாயிண்ட்டுக்குப் பின்னால் என்ன ஒயர் போகிறது என்று திருப்பிக் கேட்டால், “அது ஹவுஸ் ஓனருக்குத்தான் தெரியும்” என்பான். வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பல வாடகை வீட்டில் இருக்கின்றன. சுவர் நம்முடையது அல்ல. ஆனால் அதற்குள் தூங்குவது நம் பிள்ளைகள். ஆகையால் இது பையன்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

சுரங்கம் என்ற பெயர்

நிலத்தைத் தோண்டாத இந்த வேலைக்குச் சுரங்கம் என்ற பெயர் எப்படி வந்தது? 2008-இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் கட்டுரையில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் உழைப்பைச் செலவிட்டுத் தங்கத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதைப்போல இங்கே கணினியின் நேரமும் மின்சாரமும் செலவாகின்றன என்ற ஒப்புமை இருக்கிறது. முதல் தொகுதி 2009 ஜனவரி 3-ஆம் தேதி உருவானது. உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் ஒரு கணக்குப் புதிருக்கு விடை தேடி ஓயாமல் எண்களை முயன்று பார்க்கின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விடை கிடைக்கிறது. கண்டவருக்குப் புது நாணயம் பரிசு. ஆக, அந்த ஒப்புமையிலேயே மின்சாரம்தான் மூலப்பொருள். மூலப்பொருள் வரும் வழியை முதலில் பார்க்காமல் தொழிலைத் தொடங்குவது எந்த வணிகத்துக்கும் பொருந்தாது.

முன்பெல்லாம் கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கி ஈதர் என்ற நாணயத்தை எடுப்பது வீடுகளில் பரவலாக இருந்தது. 2022 செப்டம்பர் 15-இல் அந்த வலைப்பின்னல் சுரங்க முறையையே கைவிட்டுவிட்டது. பிட்காயினுக்கு இன்று பயன்படுபவை அதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள். எடுத்துக்காட்டுக்கு இரண்டை மட்டும் வைத்துக்கொள்வோம். ஆண்ட்மைனர் எஸ் 9 என்பது 2016-இல் வந்தது. ஏறக்குறைய 1,370 வாட் இழுக்கும். ஆண்ட்மைனர் எஸ் 19 புரோ 2020-இல் வந்தது, 3,250 வாட். இரண்டும் பழைய சரக்காகக் கைமாறி வீடுகளுக்கு வந்து சேர்கின்றன.

கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எஸ் 9-க்கு 1,370-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 ஆம்பியர். எஸ் 19 புரோவுக்கு 14 ஆம்பியருக்குச் சற்று மேல். நம் வீடுகளில் இருப்பவையோ 6 ஆம்பியர் சிறிய பிளக்கும் 16 ஆம்பியர் பெரிய பிளக்கும். “அப்ப சரியாத்தானே இருக்கு, முதல்ல சொன்னது சின்னதுல, ரெண்டாவது பெருசுல” என்று தோன்றும். காகிதத்தில் சரிதான். ஆனால் மூன்று காரணங்களால் இது போதாது.

முதற் காரணம் ஓய்வின்மை. 3,000 வாட் உடனடி கீசரும் 13 ஆம்பியர் இழுக்கிறது. அது ஐந்து நிமிடம் ஓடி நிற்கிறது. பிளக்கின் பித்தளையும் பிளாஸ்டிக்கும் சூடாகத் தொடங்குவதற்குள் வேலை முடிந்து ஆறிவிடும். சுரங்க இயந்திரம் ஆற விடுவதில்லை. சூடு ஏறி ஒரு நிலையில் நின்று, மாதக்கணக்காக அங்கேயே இருக்கும். சாக்கெட்டுக்குள் பிளக்கின் காலைக் கவ்விப் பிடிக்கும் பித்தளை வில் அந்தச் சூட்டில் நாளடைவில் தளரும். பிடி தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் பிடி மேலும் தளரும். கறுத்துப்போன சாக்கெட்டுகள் எல்லாம் இப்படித்தான் கறுக்கின்றன. ஒரே நாளில் அல்ல.

அமெரிக்க மின்விதிகளில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் சுமைக்கு, மின்வழியின் அளவில் 80 சதவீதத்தையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு நியதி உண்டு. நம் ஊருக்கும் அது நல்ல அளவுகோல். 6-இல் 80 சதவீதம் 4.8 ஆம்பியர், அதாவது 1,100 வாட். 16-இல் 80 சதவீதம் 12.8 ஆம்பியர், அதாவது 2,940 வாட். இப்போது பாருங்கள்: எஸ் 9 சிறிய பிளக்கின் எல்லையைத் தாண்டிவிட்டது, எஸ் 19 புரோ பெரிய பிளக்கின் எல்லையைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது காரணம் மின்னழுத்தம் குறைவது. குண்டு பல்பு எரியும்போது வோல்ட் குறைந்தால் வெளிச்சம் மங்கும், ஆம்பியரும் குறையும். இந்த இயந்திரத்தின் மின்வழங்கி அப்படிப்பட்டது அல்ல. தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் வாங்கிக்கொள்ளும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டும். கோடை இரவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடி, அழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 3,250-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும்: 16.25 ஆம்பியர். யாரும் எதையும் மாற்றாமலே, எல்லோரும் தூங்கும் நேரத்தில், 16 ஆம்பியர் பிளக் தன் முழு அளவையும் கடந்துவிடுகிறது.

மூன்றாவது, சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவது. மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பிடி தளர்ந்த ஒரு சாக்கெட்டில் தடை பத்தில் ஒரு ஓம் மட்டுமே என்று கொள்வோம். 7 ஆம்பியரில் அங்கே தோன்றும் வெப்பம் 5 வாட்; 14 ஆம்பியரில் ஏறத்தாழ 20 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்குகிறது. கிட்டத்தட்ட அந்தச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரவு முழுவதும் வைத்திருக்கிறோம் என்பதே பொருள்.

பிளக்கின் பூர்வீகம்

நம்முடைய உருண்டைக் கால் மூன்று பின் பிளக், பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் வழிவந்தது. அது 1934-இல் வெளியானது. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சதுரக் கால் பிளக் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. நாம் பழையதையே வைத்துக்கொண்டு ஐ.எஸ். 1293 என்று நமக்கெனத் தரம் வகுத்துக்கொண்டோம். பெரியவர்கள் இன்றும் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று சொல்வது அந்தப் பழைய கணக்கு. இன்றைய தரத்தில் அவையே 6, 16. சிறிய பிளக்கின் கால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறுக்களவு, பெரியதன் கால் 7 மில்லிமீட்டர். அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் தொடும் பரப்பும் சூடு தாங்கும் திறனும் அடங்கியிருக்கின்றன.

இன்றைய சுவிட்ச் போர்டுகளில் 6/16 என்று எழுதிய, இரண்டு பிளக்கையும் ஏற்கும் சாக்கெட் பரவலாக இருக்கிறது. வசதியானதுதான். ஆனால் பெரிய சாக்கெட்டில் நுழைத்துவிட்டதால் சிறிய பிளக் 16 ஆம்பியர் தாங்கிவிடாது. எல்லா நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் ‘யுனிவர்சல்’ சாக்கெட் செல்போன் சார்ஜருக்குச் சரி. எல்லோருக்கும் இடம் கொடுக்கும் சாக்கெட் எவரையும் இறுகப் பிடிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரத்தோடு சீனப் பிளக்கோ பிரிட்டிஷ் பிளக்கோ வந்தால், நடுவில் கன்வெர்ட்டர் போட வேண்டாம். அது இன்னுமொரு தளர்ந்த இணைப்பு. ஒயரையே மாற்றிவிடுங்கள். சாக்கெட்டைச் சோதிக்க எளிய வழி: சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகி எடுத்துப் பாருங்கள். சற்று முயற்சி எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். கை பட்டதும் நழுவி வந்தால் அந்தச் சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் சுவிட்சையும் மறக்கக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 6 ஆம்பியர் சுவிட்சைப் பொருத்தி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சுவிட்சின் மேலோ பின்புறமோ அளவு அச்சிட்டிருக்கும்.

இணைப்பு ஒயர்

பவர் கார்டு என்று சொன்னால் கிராபிக்ஸ் கார்டோடு குழம்பும் என்பதால் இணைப்பு ஒயர் என்றே சொல்கிறேன். இதற்கு இரண்டு முனைகள், நடுவில் ஒரு உடல். மூன்றில் எது சிறியதோ அதுவே முழு ஒயரின் அளவு.

இயந்திரப் பக்க முனையில் இரண்டு வகை முக்கியம். நம் கணினியில் இருப்பது சி 13. உலகத் தரப்படி 10 ஆம்பியர். அதைவிடப் பெரிய, செவ்வக வாயுள்ளது சி 19; 16 ஆம்பியர். சி 13-க்கு 15 ஆம்பியர் என்று அமெரிக்கக் கையேடுகளில் இருக்கும். அது அந்த நாட்டுக் கணக்கு, இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவர்ப் பக்க முனையைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினி ஒயரின் ஒரு முனை சி 13, 10 ஆம்பியர். மறு முனையில் இருப்பதோ 6 ஆம்பியர் சிறிய பிளக். ஆக அந்த ஒயர் 6 ஆம்பியர் ஒயர். ஓயாத சுமைக்கு 4.8 ஆம்பியர் ஒயர். எஸ் 9-க்குக்கூட அது ஆகாது. ஒரு முனையில் சி 13 அல்லது சி 19, மறு முனையில் 16 ஆம்பியர் பெரிய பிளக் என்று கேட்டு வாங்க வேண்டும்.

உடலின் பருமன் சதுர மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும்: மூன்று பெருக்கல் 0.75, மூன்று பெருக்கல் 1.0, மூன்று பெருக்கல் 1.5 என்று. சி 13 ஒயருக்கு ஒன்றுக்குக் குறையாமல் பாருங்கள். சி 19 ஒயருக்கு 1.5. இறக்குமதி ஒயரில் அமெரிக்க எண் இருந்தால் அது தலைகீழ்: எண் சிறுத்தால் ஒயர் பருக்கும். 18 என்பது ஏறத்தாழ 0.8 சதுர மில்லிமீட்டர், 16 என்பது 1.3, 14 என்பது 2.1. வட இந்தியச் சந்தையில் ஒயர் வாங்கும்போது ஒரு சொல் கவனம்: அங்கே 1.5-ஐ ‘டேட்’ என்பார்கள், 2.5-ஐ ‘டாயி’ என்பார்கள். ‘டாயி’ கேட்டு ‘டேட்’ வாங்கி வருவது நம்மவர்க்கு நேரக்கூடியதே. சுருளின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

போலிச் சரக்கும் உண்டு. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுக் கொடுத்தால் பார்வைக்குச் செம்புதான். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். இரும்புக்குப் பூச்சுக் கொடுத்தது காந்தத்தில் ஒட்டும். நல்ல சரக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செல்போன் செயலியில் தட்டினால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

எஸ் 19 புரோவில் மின்சாரம் நுழைய இரண்டு வாய்கள் இருக்கின்றன; இரண்டு ஒயர். 14 ஆம்பியரை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 ஆம்பியர் சுமக்கட்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். பலர் செய்வதென்ன? இரண்டு ஒயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அந்தப் பாக்ஸை ஒரே பாயிண்ட்டில் மாட்டுகிறார்கள். பிரித்த சுமை மறுபடியும் ஒன்றாகி 14 ஆம்பியரும் அந்த ஒற்றை ஒயர் வழியே போகிறது. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர் என்றும் நீளம் 5 மீட்டர் என்றும் கொண்டால், போகும் வழியும் வரும் வழியுமாக அதன் தடை கால் ஓம். 14 ஆம்பியரில் அந்த ஒயருக்குள் எழும் வெப்பம் 50 வாட். மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் சூடு வெளியேற வழியே இல்லை. ஆகவே விதி ஒன்றே: ஓயாத சுமைக்கும் சுவருக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

சுவருக்குள்ளே

பழக்கத்தில் விளக்குக்கு 1.5, பெரிய பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுப்பார்கள். பைப்புக்குள் போகும் 2.5 ஒயர் சுமார் 20 ஆம்பியர் தாங்கும். பழைய கட்டடங்களில் அலுமினிய ஒயரும் இருக்கும். அதில் இந்த இயந்திரத்தை ஓட்ட நினைப்பதே தவறு. சமையலறைப் பாயிண்ட்டும் ஹால் பாயிண்ட்டும் ஒரே ஒயரில் கோத்துவரும் வீடுகளும் உண்டு. இயந்திரத்தின் 14 ஆம்பியரோடு அம்மாவின் இண்டக்‌ஷன் அடுப்பும் அதே ஒயரில் சேர்ந்துகொள்ளும்.

“எம்.சி.பி. இருக்கே, அது ட்ரிப் ஆகிக் காப்பாத்திடும்” என்று நம்புவோர் பலர். அதன் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரப்படி 16 ஆம்பியர் எம்.சி.பி., அதன் அளவில் 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர்வரை, ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அது காப்பது சுவருக்குள் உள்ள ஒயரை. தளர்ந்த சாக்கெட் ஒன்று 14 ஆம்பியரில் உருகிக்கொண்டிருந்தால் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இன்னொரு பழக்கம் மிக ஆபத்தானது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று சொன்னால், சிலர் 16-ஐக் கழற்றி 32 ஆம்பியரைப் போட்டுவிட்டுப் போவார்கள். ட்ரிப் நின்றுவிடும், 2.5 ஒயருக்குக் காவலும் நின்றுவிடும்.

ஆர்.சி.சி.பி. என்பது வேறு காவல். மின்சாரம் மனிதர் உடல் வழியாகவோ வேறு வழியாகவோ எர்த்துக்குக் கசிந்தால் அது விழும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை ஏற்றது. அது இருந்தே தீர வேண்டும். இந்த இயந்திரங்களின் மின்வழங்கியில் இயல்பாகவே சிறு கசிவு உண்டு. நான்கைந்து இயந்திரங்களை ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால் காரணமில்லாமல் விழுவதுபோலத் தோன்றும். அதற்கு மருந்து பிரித்து மாட்டுவது, ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுவது அல்ல.

எர்த் இல்லாத பாயிண்ட்டில் இந்த இயந்திரத்தின் இரும்புக் கூட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று ஒரு கூச்சம் தெரியும். மின்வழங்கியின் வடிகட்டி அமைப்பால் அந்தக் கூடு பாதி மின்னழுத்தத்தில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், மிதந்துகொண்டிருப்பதே காரணம். அந்தக் கூச்சம் எர்த் செத்துவிட்டது என்பதற்கு அறிவிப்பு. மேல் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னோடு செருகுவது அந்த அறிவிப்பு ஓலையைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

சரியான அமைப்பு எது?

எஸ் 19 புரோ போன்ற இரண்டு வாய் இயந்திரத்துக்கு, மீட்டர் அருகிலுள்ள டி.பி. பெட்டியிலிருந்து இரண்டு தனி வழிகள் இழுப்பது நல்லது. ஒவ்வொரு வழிக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட், ஒரு இணைப்பு ஒயர். ஒவ்வொன்றிலும் ஓடுவது 7 ஆம்பியர், எல்லையான 12.8-க்கு வெகு கீழே. வீட்டில் மூன்று ஃபேஸ் இருந்தால் இரண்டு வழியும் ஒரே ஃபேஸிலிருந்து, ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் வரட்டும்.

இதில் ஒரு சிறு ஆதாயமும் இருக்கிறது. டி.பி.யிலிருந்து இயந்திரம் 20 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். 14 ஆம்பியரும் ஒரே 2.5 ஒயரில் போனால் சுவருக்குள் சூடாக வீணாவது 60 வாட். மாதத்துக்கு 43 யூனிட். இரண்டாகப் பிரித்தால் வழிக்கு 15 வாட், மொத்தம் 30. வர்க்கக் கணக்கின் பலன் இது: சுமையைப் பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் சூடு கால்வாசி ஆகிறது.

ஒற்றை வாய் உள்ள பெரிய இயந்திரமானால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில், ஏ.சி.க்குப் போடுகிற, எம்.சி.பி.யோடு கூடிய 20 அல்லது 25 ஆம்பியர் இரும்புப் பெட்டிப் பிளக் பொருத்தலாம். எஸ் 9 அளவுள்ள ஒன்றே ஒன்றுதான் என்றால், நல்ல நிலையில் உள்ள, வேறு சுமை சேராத ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட்டும் பெரிய பிளக் உள்ள ஒயரும் போதும்.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 240 வோல்ட் பாயிண்ட் தனியாகப் போட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சாதாரணப் பாயிண்ட் 120 வோல்ட். அதே வாட்டுக்கு இரு மடங்கு ஆம்பியர். அந்தத் தொல்லை நமக்கு இல்லை. நம் எல்லாப் பாயிண்ட்டும் 230 வோல்ட்தான்.

பொருத்திய பிறகு முதல் நாள், பகலில், ஆள் இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அணைத்துவிட்டுப் பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. வாடை, நிறமாற்றம், ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துக் கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரை அளக்கச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து அவரையே மறுபடி அழைத்துச் சாக்கெட், எம்.சி.பி. திருகுகளை முடுக்கச் சொல்லுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கித் திருகுகள் தளர்வது இயற்கை.

வாடகை வீட்டில் இருப்பவர்க்கு

சுவரைத் தொட உரிமை இல்லாதவர் என்ன செய்வது? உரிமையாளரிடம் சொல்லி, தம் செலவில் தனி வழி இழுக்க அனுமதி கேட்கலாம். கிடைக்காவிட்டால் இயந்திரத்தின் பசியைக் குறைக்க வேண்டும். குறைந்த வாட்டில் ஓடும்படி அமைக்க முடிகிற இயந்திரங்கள் உண்டு. வேகமும் குறையும், ஆனால் 1,100 வாட்டுக்குள் நிற்கிற சுமையை நல்ல பாயிண்ட் தாங்கும். அதுவும் முடியாதென்றால் அந்த வீடு இதற்கு ஏற்ற வீடு அல்ல என்று விட்டுவிட வேண்டும்.

இங்கே வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாயிண்ட் போடும் செலவும் அதில் சேரும். 3,250 வாட் நாள் முழுவதும் ஓடினால் 78 யூனிட். மாதம் 2,340 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 18,720 ரூபாய். வரவுப் பக்கத்தில், 2024 ஏப்ரலில் ஒரு தொகுதிக்கான பரிசு 3.125 பிட்காயினாகக் குறைந்தது. நாளைக்குச் சுமார் 144 தொகுதி. உலகம் முழுவதற்கும் 450 நாணயம். அதற்குள் பெரும் கிடங்குகளோடு நம் வீட்டு இயந்திரமும் பங்கு கேட்க வேண்டும். வரிப் பக்கத்தில், 2022 ஏப்ரல் 1 முதல் இந்த ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. சுரங்கக் கட்டமைப்புக்கு ஆன செலவை நாணயத்தின் அடக்க விலையாகக் கழிக்க இயலாது என்று 2022 மார்ச்சில் மத்திய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இத்தோடு வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட், இந்தப் பயன்பாட்டுக்கு எந்தக் கட்டண விகிதம் என்பதையும் மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அளவு முதலில்

சமண மரபில் நெருப்பும் உயிருள்ளது. வேண்டாத இடத்தில் அதை எழுப்புவதும் ஒரு ஹிம்சை. அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் இல்லறத்தார்க்கு வகுக்கும் நோன்புகளில், பொருளுக்கு அளவு வரைந்துகொள்வதும் ஒன்று. ஈட்டிய பிறகு அளவு பார்ப்பது அல்ல, ஈட்டுமுன்பே எல்லையைக் கட்டிக்கொள்வது என்பது அதன் சாரம். மின்சாரத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

நம் பிள்ளைகள் முதலில் இயந்திரத்தை வாங்குகிறார்கள். பிறகு ஒயர் தேடுகிறார்கள். பிறகு பிளக்கைத் தேடுகிறார்கள். சுவருக்குள் இருப்பதைக் கடைசிவரை பார்ப்பதில்லை. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் மீட்டரும் அனுமதிக்கப்பட்ட சுமையும். அடுத்து சுவருக்குள் உள்ள ஒயரும் எம்.சி.பி.யும் எர்த்தும், அதற்குப் பிறகு சாக்கெட், பிறகு இணைப்பு ஒயர். இவை அத்தனையிலும் மிகச் சிறியது எதுவோ அதில் 80 சதவீதத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குள் அடங்கும் இயந்திரம் எது என்று அப்புறம் தேடலாம். அப்படி ஒன்றும் அடங்கவில்லை என்றால், வாங்காமல் விட்ட அந்த இயந்திரத்தின் விலை மிச்சம். அன்றைய இரவுத் தூக்கமும் மிச்சம்.